வலப்பக்கத்தை மூடிக்கொள்ளுங்கள்

இது நான் போட்ட டிக் இல்லை. இல்லவே இல்லை. வேறு யாரோ போட்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் அறையின் ஜன்னலோர மேசையில், விரித்துவைத்த ஒரு நோட்டைப் பார்த்தபடி கணக்கு டீச்சர் இதையே மனதுக்குள் மூன்று முறை சொல்லிக்கொண்டாள். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. மனதுக்குள் பேசும் குரலும் கம்மும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வால் நீண்டு மேலே ஏறும் சிவப்பு டிக். அதன் முனையை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. இருபத்துநான்கு வருடமாக அவள் அப்படித்தான் போட்டு வருகிறாள். டிக் என்றால் விடை சரி. புள்ளி இருந்தால் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு பழக்கம் கிடையாது. பிள்ளைகள் அந்தப் புள்ளிக்கு ‘மிஸ்ஸோட மச்சம்’ என்று பெயர் வைத்திருப்பதும் அவள் காதுக்கு வந்திருந்தது. கேள்விப்பட்டபோது உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நோட்டு, வகுப்பில் எல்லோரும் கொட்டாவி என்று கூப்பிடும் பெண்ணுடையது. முதல் பாடவேளையிலேயே வாயைப் பிளப்பவள். பரீட்சை முடிந்தபின் மொத்தமாக வாங்கிவைத்த நாற்பத்தோரு நோட்டுகளில் அவளுடையது பாதிக்குக் கீழே கிடந்தது. வீட்டுப்பாடம் முடித்திருக்கிறார்களா என்று சும்மா புரட்டிக்கொண்டு வந்தவளின் விரல் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது.

முக்கோணவியல் முற்றொருமை. சைனை ‘ஒன்று கூட்டல் காஸ்’ஆல் வகுத்து, அதையே தலைகீழாக்கி இரண்டையும் கூட்டினால் இரண்டு கொசெக் வரும் என்று நிறுவ வேண்டும். இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோறு தண்ணி மாதிரி பழகிய கணக்கு. இரண்டு பின்னங்களையும் ஒன்றாக்கினால் மேலே சைன் வர்க்கமும், ‘ஒன்று கூட்டல் காஸ்’ என்ற அடைப்பின் வர்க்கமும் நிற்கும். அந்த அடைப்பை விரித்தால் மூன்று உறுப்புகள் வரவேண்டும். நோட்டில் இரண்டுதான் இருந்தன. ஒன்றும் காஸ் வர்க்கமும். நடுவில் வரவேண்டிய இரண்டு காஸைக் காணவில்லை. அது இல்லாததால் மேலே வெறும் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே சைனும் ஓர் அடைப்பும். அடுத்த வரியில் அந்த அடைப்பும் இல்லை. எதனோடும் ரத்தாகாமல், யாரும் கோடு போட்டு அடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது. இரண்டின் கீழ் சைன். அதாவது இரண்டு கொசெக். நிறுவப்பட்டது. கீழே இரட்டைக் கோடு. டிக். மச்சம்.

ஒரு தவறு கணக்கைக் குழியில் தள்ள, இன்னொரு தவறு வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டிருந்தது. விடை மட்டும் பார்த்தால் சுத்தம்.

இதே இரண்டு தவறுகளை, இதே வரிசையில், அவள் ஆறு நாளைக்கு முன் இரண்டு விடைத்தாள்களில் பார்த்திருந்தாள். பார்த்ததோடு நிற்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் அரையாண்டுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது தாள் தாளாளரின் பேத்தியுடையது. நடு உறுப்பு விட்டுப்போயிருந்தது. சிவப்பில் வட்டம் போட்டாள். அடைப்பு காணாமல் போயிருந்தது, இன்னொரு வட்டம். பதிமூன்றாவது தாள் குருவியுடையது. கீச்சுக் குரலில் எதற்கெடுத்தாலும் “மிஸ், மிஸ்” என்று எழுந்து நிற்பதால் அந்தப் பெயர். அதே இரண்டு இடங்களில் அதே இரண்டு வட்டங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் போட்டவர்களுடைய தாள்கள் ஒத்துப்போவது பெரிதல்ல. தவறுக்குக் கைரேகை உண்டு. அது அச்சாக ஒத்துப்போனால் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்திருக்கிறாள். பரீட்சை மண்டபத்தில் பேத்தி முன்னால், குருவி நேர் பின்னால்.

அந்த நிமிடத்தில் தன் மனதுக்குள் என்ன ஓடியது என்பதை இப்போது நினைத்துப் பார்த்தாள். வருத்தம் இல்லை. கோபமும் இல்லை. ‘பிடித்துவிட்டேன்’ என்ற ஒரு குறுகுறுப்பு. நல்ல புதிருக்கு விடை கண்டுபிடித்தவளின் சந்தோஷம். மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் இரண்டு தாள்களையும் தலைமையாசிரியையின் மேசையில் வைத்து, வட்டங்களைக் காட்டி, விரல் வைத்து விளக்கியவள் அவள்தான். யாரும் கேட்கவில்லை. தானாகவே போனாள்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. தாளாளருக்குத் தகவல் போனது. அவளையும் சேர்த்து மூன்று பேர் கொண்ட விசாரணை. பேத்தி தலையைக் குனிந்துகொண்டு, “நான் என் பேப்பர்லதான் எழுதினேன், பின்னாடி யார் என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது” என்று முடித்துக்கொண்டாள். குருவி அழவில்லை. அதுவே விசாரித்தவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கணக்கு டீச்சரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நான் பாத்து எழுதல மிஸ். நீங்கதான் மிஸ் போட்டீங்க. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்ல, போர்டுல.”

“நானா?” என்று கேட்டுவிட்டு கணக்கு டீச்சர் சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். குருவியின் நோட்டை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ல?” என்றாள் விசாரணையில் இருந்த அறிவியல் டீச்சர். “மிஸ்ஸுக்கே மிஸ்டேக்கா?”

அந்தச் சிரிப்பு இப்போது கன்னத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்துவர மறுத்தது. அவள் கையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிர் மேசையில் ஓவிய டீச்சர் வண்ணத்தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கத்தரி கரக் கரக்கென்று போய்க்கொண்டே இருந்தது.

“என்ன டீச்சர், எவளாவது கவிதை கிவிதை எழுதி வெச்சிருக்காளா? அப்படி முறைக்கிறீங்க!”

“ஒண்ணுமில்ல” என்று நோட்டை மூடினாள்.

மத்தியான வகுப்பில் குருவியின் இடம் காலியாக இருந்தது. முடிவு வரும்வரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் உட்காருபவள் அந்த இடத்தில் தன் பையைத் தூக்கி வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் கணக்கு டீச்சர் கொட்டாவியை வராந்தாவின் கோடிக்குக் கூப்பிட்டாள்.

“இந்தக் கணக்கை எங்கிருந்து எழுதின?”

“போர்டுலேர்ந்து மிஸ். அந்தச் சனிக்கிழமை வந்தோமே, நாலு பேரு. ஒருத்தி பரீட்சைக்கே வரல, காய்ச்சல்.”

“நீ பரீட்சையில இதை எழுதலையே. வெறும் தாளா விட்டிருந்த.”

கொட்டாவி காலை மாற்றி நின்றாள். “புரியல மிஸ். அந்தக் கீழ இருக்கற பிராக்கெட் எப்படிப் போச்சுன்னே புரியல. எவ்ளோ பாத்தேன். புரியாம எப்படி எழுதறதுன்னு விட்டுட்டேன்.”

“எங்கிட்ட கேக்கறதுக்கு என்ன?”

“திட்டுவீங்க மிஸ்.” பிறகு, அது போதாது என்று நினைத்தவள்போலச் சேர்த்துக்கொண்டாள்: “நீங்க போட்டா சரியாத்தான இருக்கும். எனக்குத்தான் மண்டைல ஏறலன்னு நெனச்சேன்.”

அன்று அந்த வகுப்பில் இருந்த நான்கு பேரில் கணக்கைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். குருவியும் பேத்தியும் மனப்பாடம் செய்தார்கள். கொட்டாவி பார்த்தாள். கணக்கு டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியவள், கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். “ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டும்” என்றாள். கொட்டாவிக்கு அது ஒன்றும் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஓடினாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சனிக்கிழமையை மெதுவாக இழுத்து எடுத்தாள். அதுவரை அதை எடுக்காமலே வைத்திருந்தாள்.

முற்றொருமை நடத்த அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிப்பாள். “சிக்கலா இருக்கற பக்கத்தை எடுத்துக்கோ. எல்லாத்தையும் சைன், காஸாக்கு. அந்தப் பக்கத்தைத் தொடாதே. தொடாதேன்னா பார்க்கவும் பார்க்காதே. வலப்பக்கத்தைக் கையால மூடிக்கோ.” நாற்பது பிள்ளைகளும் புத்தகத்தின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்திருப்பார்கள். “போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிஞ்சா மனசு குறுக்கு வழி தேடும். வழியில இல்லாததை இருக்குன்னு சொல்லும், இருக்கறதை இல்லைன்னு சொல்லும். உங்களுக்கே தெரியாம நடக்கும்.” அவள் பலகையில் போடும்போதும் டஸ்டரை எடுத்து வலப்பக்கத்தின்மேல் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை டஸ்டரைப் பிடித்தாளா? கையில் டஸ்டர் இல்லை. கையில் கைப்பேசி இருந்தது.

வகுப்புக்குள் நுழையப் போகும்போது மகள் கூப்பிட்டிருந்தாள். வேறு ஊரில் விடுதியில் தங்கிப் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறவள். படிக்கிறவள் என்று அன்று காலைவரை இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது என்றாள் மகள். விடுதி அறையிலேயே படுத்துக் கிடந்ததாகச் சொன்னாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று இவள் கேட்டாள். “உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?” என்றாள் மகள். அவ்வளவுதான். இணைப்பு போய்விட்டதா, அவளே வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. இவள் உள்ளே போய்ச் சாக்பீஸை எடுத்தாள். நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கண் கைப்பேசித் திரையில். இந்தக் கணக்கின் விடை இவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். கை தானாக எழுதியது. வரி வரியாக எழுதி இரண்டு கொசெக்கில் கொண்டுபோய் நிறுத்தியது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்து நீட்டிய நோட்டுகளில் டிக் போட்டாள், புள்ளி வைத்தாள். எதையும் படிக்கவில்லை. புள்ளி வைத்தாள்.

மகள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். வந்து ஒரு மாதம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் லீவுக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தது. இருவருக்கும் இடையில், சாப்பிட்டாயா, கதவைத் தாழ் போட்டாயா என்பதற்கு மேல் பேச்சு இல்லை. கணவர் வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். போனில், “அவளை ஒண்ணும் கேக்காத, தானா சரியாவா” என்று சொல்லிவிட்டுத் தன் கடமை முடிந்த மாதிரி இருந்தார். கேட்காமல் இருப்பது எப்படி என்று இவளுக்குத் தெரியவில்லை. கேட்பதும் தெரியவில்லை. தவறு என்றால் அதைச் சிவப்பில் வட்டமிடலாம். மதிப்பெண் குறைக்கலாம். வீட்டுக்குள் நடமாடும் பெண்ணை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நோட்டை அவள் முன் விரித்து வைத்தாள்.

“இதைக் கொஞ்சம் பாரேன்.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தன்னிடம் ஒன்றைப் பார்க்கச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போடுகிறவள்போல ஒரு நொடி. பிறகு நோட்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“நடு டேர்ம் எங்க?” என்றாள். இன்னும் ஒரு வரி இறங்கினாள். “ஏய், கீழ இருந்த பிராக்கெட்டும் அவுட்டு. சூப்பர். ஒரு திருட்டை இன்னொரு திருட்டால மறைச்சிருக்கு.” ஒரு மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. “யாரும்மா இந்தக் கில்லாடி?”

“நான்.”

மகளின் கை மடித்துக்கொண்டிருந்த துண்டின் மேலேயே நின்றது.

நின்றபடியே இவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தாள்கள், விசாரணை, தன் சிரிப்பு, நாளைக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது, போட்டால் அந்தப் பெண் இந்த வருடம் பொதுத்தேர்வு எழுத முடியாது என்பது. கடைசியில், சொல்ல வேண்டும் என்று நினைக்காமலே, “அன்னைக்குத்தான் நீ போன் பண்ணின” என்றாள்.

“ஓ” என்றாள் மகள். “அப்ப என்னாலன்றியா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லல. ஆனா அதைச் சொல்லத்தான செருப்போட உள்ள வந்த?”

இவள் காலைப் பார்த்தாள். செருப்போடுதான் நின்றிருந்தாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் அதைத்தான் செய்துகொண்டு வந்தாள் என்பது அப்போது விளங்கியது. முடிவை முதலில் வைத்துக்கொண்டாள்: நான் தவறு செய்கிறவள் அல்ல. அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு வந்தாள். மகள் கூப்பிட்டாள், மனம் கலங்கியது, கை தவறியது. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து நகர்ந்த திசை பொய். கைப்பேசி வந்ததால் நடு உறுப்பு விட்டுப்போயிருக்கலாம். படிக்காத நோட்டில் புள்ளி வைக்கச் சொன்னது எந்தக் கைப்பேசி? ஒரு பெண் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னபோது சிரிக்கச் சொன்னது?

“இல்லடி” என்றாள். “உன்னால இல்ல.”

மகள் மடித்த துணிகளை அடுக்கினாள். அடுக்கியதை எடுத்துக்கொண்டு எழுந்தவள், அறை வாசலில் நின்று திரும்பாமலே, “உனக்கும் இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா…” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. உள்ளே அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இவள் வெகுநேரம் கழித்துத்தான் செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறைக்கு வெளியே, சுவரோரமாகப் போட்டிருந்த நீள பெஞ்சில் குருவியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா துணித் தொழிற்சாலையில் பித்தான் தைப்பவள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். கைப்பையில் சாப்பாட்டு டப்பா புடைத்துக்கொண்டிருந்தது. தோளில் வெள்ளை நூல் துண்டுகள். கணக்கு டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, பெண்ணையும் முழங்கையால் இடித்து எழுப்பினாள்.

“மிஸ், இவ உங்க கணக்குன்னா சாப்பாட்டையே மறந்துடுவா மிஸ். மத்த பாடத்துல வேணா அப்படி இப்படி இருப்பா, நான் இல்லேங்கல. உங்க பாடத்துல பாத்து எழுத மாட்டா.” நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். “நான் படிக்காதவ. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஒரு வருஷம் போச்சுன்னா இவங்கப்பா படிச்சது போதும்னுடுவாரு மிஸ். அதுக்குன்னே காத்துக்கிட்டிருக்காரு.”

குருவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “மிஸ்” என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் கீச்சுக் குரல் தன்னைக் கூப்பிடாதது கணக்கு டீச்சருக்கு ஓர் அறை வாங்கிய மாதிரி இருந்தது.

“உக்காருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

“வாங்க டீச்சர், வாங்க. என்ன, ராத்திரி தூங்கலையா?” தலைமையாசிரியை மேசைமேல் இருந்த தட்டச்சுத் தாளைத் திருப்பி இவள் பக்கம் வைத்தாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அவள் பூகோளம், இவள் கணக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் போனபிறகு அவள் மேடம் ஆகிவிட்டாள். ஆனாலும் இவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்தான். அதை இருவரும் மறந்ததில்லை.

அறிக்கை ஒரு பக்கம்தான். கடைசி வரி முதலில் கண்ணில் பட்டது: மேற்கண்ட மாணவி பார்த்து எழுதியது ஐயமின்றி நிறுவப்பட்டது. அதன் கீழே மூன்று பெயர்கள். அவற்றில் இரண்டு பெயர்களுக்கு மேலே கையெழுத்து இருந்தது.

கணக்கு டீச்சர் முதலில் சுலபமான வழியைத்தான் முயன்று பார்த்தாள். “மேடம், சின்னப் பொண்ணு. எச்சரிக்கை பண்ணி விட்டுடலாமே. நானே கேட்டுக்கறேன்.”

“அட, நீங்கதான கண்டுபிடிச்சீங்க? நீங்களே மன்னிக்கச் சொன்னா எப்படி? தாளாளர் பேத்தி பேரு இதுல அடிபட்டிருக்கு. யாரு யாரைப் பாத்து எழுதினாங்கன்னு எழுத்துல இருந்தே ஆகணும்னு சொல்லிட்டாரு. இல்லேன்னா நாளைக்கு அவங்க வீட்டுப் பொண்ணுதான் காப்பி அடிச்சான்னு பேச்சு வரும்.”

அப்படியானால் இதைச் செய்துதான் ஆக வேண்டும். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அறிக்கையின்மேல் வைத்தாள். விரல் வைத்து விளக்கினாள். ஒரு வாரத்துக்கு முன் இதே மேசையில், இதே விரலால் விளக்கிய அதே இரண்டு இடங்கள். “அந்தப் பொண்ணு சொன்னது நிஜம் மேடம். நான்தான் போர்டுல தப்பாப் போட்டேன். ரெண்டு பேரும் என்னைத்தான் பாத்து எழுதியிருக்காங்க.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினாள். நோட்டைப் பார்த்தாள். அந்த டிக்கையும் புள்ளியையும் அவளுக்கும் தெரியும். கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்பது இவளுக்குத் தெரிந்தது.

“இதை வேற யாரு பாத்தா?”

“என் பொண்ணு.”

“அது வீட்டோட. ஸ்கூல்ல?”

“யாருமில்ல.”

“நல்லதாப் போச்சு.” குரலைத் தாழ்த்தினாள். “உணர்ச்சிவசப்படாம கேளுங்க. அடுத்த வருஷம் உதவித் தலைமைக்கு உங்க பேரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். இது வெளிய வந்தா என்ன ஆகும்? ஸ்பெஷல் கிளாஸ்ல தப்பா நடத்தினாங்கன்னு தாளாளரே எழுந்து நிப்பாரு. பேத்தி பேப்பரையே சாட்சியா காட்டுவாரு. இருபத்துநாலு வருஷம் சம்பாதிச்ச பேரு, ஒரு பிராக்கெட்டுக்குப் போயிடும். உங்க வீட்டு நெலமை எனக்குத் தெரியாதா? பொண்ணு வேற இப்படி வந்து உக்காந்திருக்கா. இப்ப உங்களுக்கு இது தேவையா?”

அவள் மிரட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். கண்ணோரம் லேசாகக் கலங்கியும் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேச ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

“அந்தப் பொண்ணு?” என்றாள் கணக்கு டீச்சர்.

“ஒரு வருஷம்தான? அடுத்த வருஷம் எழுதட்டும். நாமளே பீஸ் கட்டலாம், நான் பாதி போடறேன். சின்ன வயசு, மறந்துடுவா.”

மறந்துவிடுவாள் என்பதை இவள் யோசித்துப் பார்த்தாள். பலகையில் இருந்ததை எழுதினேன் என்று சொன்னவளைப் பார்த்து மூன்று பெரியவர்கள் சிரித்ததை எந்த வயதில் மறப்பார்கள்? வெளியே வராந்தாவில் யாரோ இருமினார்கள். பெஞ்சின் கால் தரையில் உராயும் சத்தம் வந்தது. இந்தக் கையெழுத்தைப் போடாவிட்டால் என்னென்ன நடக்கும் என்று வரிசையாக மனதில் ஓட்ட முயன்றாள். வராந்தாவில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது. அறிவியல் டீச்சரின் புருவம். இனி பலகையில் அவள் எழுதும் ஒவ்வொரு வரியையும் நாற்பது ஜோடிக் கண்கள் சந்தேகத்தோடு படிப்பது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எவ்வளவு முயன்றும் கடைசி வரி தெரியவில்லை.

தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து, தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள். இன்னொரு கை நோட்டின்மேல் இருந்தது.

“கையெழுத்தைப் போட்டுட்டு, இதை இங்கயே வெச்சுட்டுப் போங்க. அந்தப் பொண்ணுக்குப் புது நோட்டு நான் வாங்கித் தந்துடறேன்.”

கணக்கு டீச்சர் அவளுடைய விரல்களுக்கு அடியிலிருந்து நோட்டை மெதுவாக உருவிக்கொண்டாள். பலமாக இழுக்க வேண்டியிருக்கவில்லை.

“இது எங்கிட்டயே இருக்கட்டும் மேடம்.”

“சரி, இருக்கட்டும். கையெழுத்து?”

“போடல மேடம்.”

சொன்ன குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. தலைமையாசிரியைக்கும் கேட்டிருக்காதோ என்னவோ. நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது. முதல் பாடவேளைக்கான மணி அடித்து ஓய்ந்தது. காலடிச் சத்தங்கள் கூடி, கலைந்து, அடங்கின. கை வலித்திருக்க வேண்டும், தலைமையாசிரியை இடது கையைக் கொண்டுவந்து வலது முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள்.